மனம் புண்பட்டது என்று புகார் வந்தால்: கலைச் சுதந்திரம், மத உணர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய பதிப்பகம் ஒன்றில் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ஒற்றுப்பிழை பற்றி என்னிடம் கேட்டவர்களைவிட, "இதைப் போட்டால் பிரச்சினை வருமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள், நாடகம் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு மனம் கொதித்து வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது இந்தியாவுக்கு மட்டுமே பொருந்தும். வழக்கு என்று வந்துவிட்டால் இதை மூடிவைத்துவிட்டு வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

மனம் புண்படுகிறது என்பதெல்லாம் உண்மையா, அரசியலா?

இரண்டும் உண்டு. ஒரே புத்தகத்துக்கே இரண்டும் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போட்ட நாவல் ஒன்றில் ஒரு பாத்திரம், துக்கத்தின் உச்சத்தில், தன் தெய்வத்தை வாய்க்கு வந்தபடி வைகிறது. புத்தகம் வந்து சில வாரங்கள் கழித்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். முழுவதும் படித்திருந்தார், ஐந்தாறு இடங்களில் நூல் வைத்து அடையாளம் செய்திருந்தார். கத்தவில்லை. "இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் என் அம்மா உயிரை விட்டாள். எழுதியவருக்கு அது தெரியுமா என்று கேட்கத்தான் வந்தேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த மாதம் இன்னொருவர் நான்கு பேருடன் வந்தார். கையில் ஒரே ஒரு பக்கத்தின் நகல். வாட்ஸ்அப்பில் சுற்றிய பக்கம் அது. நாவலின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் திரும்பப் பெறாவிட்டால் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் திரும்ப வருவார்கள்.

ஒருவர் மனம் புண்பட்டாலே அது குற்றமா?

இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவுதான் இங்கே முக்கியம். 2024 ஜூலை 1 வரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஏ என்று நாம் அறிந்திருந்தது இதுவே. ஒரு வகுப்பாரின் மதத்தையோ மத நம்பிக்கையையோ இழிவுபடுத்துவது, அதுவும் அவர்களுடைய உணர்வுகளைக் கொந்தளிக்கச் செய்ய வேண்டும் என்று திட்டமிட்டு, தீய எண்ணத்தோடு செய்வது குற்றம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

'திட்டமிட்டு', 'தீய எண்ணத்தோடு' என்ற இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னபோதே, கவனமின்றியோ உள்நோக்கம் இன்றியோ செய்யப்படும் அவமதிப்பு இதில் அடங்காது என்றும் சொல்லிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் என்னை உறுத்தும் விஷயம் வேறு. அரசியலமைப்பின் 19(1)(அ) கருத்துரிமையைத் தருகிறது. அதற்கு எந்தெந்தக் காரணங்களுக்காக வரம்பு விதிக்கலாம் என்று 19(2) பட்டியல் போடுகிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்று அது நீள்கிறது. அதில் 'மத உணர்வு' என்ற சொல்லே இல்லை. பிறகு 295-ஏ எப்படி நிற்கிறது? 'பொது ஒழுங்கு' என்ற கொம்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். செய்தித்தாளில் சுற்றிப் புத்தகம் கொண்டுவந்த பெரியவரால் பொது ஒழுங்குக்கு ஒரு கேடும் இல்லை. நகல் பக்கத்தோடு வந்தவரால் உண்டு. யார் மிரட்டுகிறாரோ அவருடைய மனத்துக்கே சட்டத்தில் எடை கூடுகிறது. இந்த விவகாரத்தின் ஆணிவேரே இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தச் சட்டம் எப்போது, எதற்காக வந்தது?

1927-இல், வெள்ளையர் ஆட்சியில். 1924-இல் லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் சிறுநூல் ஒன்று வெளியானது. அதைப் பதிப்பித்த ராஜ்பாலை, அப்போதிருந்த பிரிவு அந்தச் செயலுக்குப் பொருந்தாது என்று சொல்லி 1927-இல் லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் கொந்தளிப்பு எழுந்தது; ஓட்டையை அடைக்க 295-ஏ கொண்டுவரப்பட்டது. மசோதா விவாதத்தில் முகமது அலி ஜின்னா, மதத்தை நேர்மையாக விமர்சிக்கும் ஆய்வாளர்களும் வரலாற்று ஆசிரியர்களும் இதில் சிக்கிவிடக் கூடாது என்று எச்சரித்தார். சட்டம் வந்தும் ராஜ்பால் தப்பவில்லை. 1929-இல் குத்திக் கொல்லப்பட்டார். அமைதிக்காக வந்த சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இந்த ரத்தக்கறை இருக்கிறது.

'மாதொருபாகன்' விவகாரத்தில் உண்மையில் என்ன நடந்தது?

பலரும் இதை 'நாவலுக்குத் தடை' என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அரசு தடை எதுவும் போடவில்லை. அதனால்தான் இந்த வழக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பெருமாள்முருகனின் அந்த நாவல் 2010-இல் வந்தது. பிள்ளையில்லாத தம்பதி, பிள்ளை வேண்டி அயலான் ஒருவனோடு பெண் கூடலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவு என்பது கதை. நான்கு ஆண்டுகள் யாரும் எதிர்க்கவில்லை. 2014 டிசம்பரில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. அரசுக் கல்லூரி ஆசிரியரான அவர், நிபந்தனையற்ற மன்னிப்புக்கும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதற்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு வெளியே வந்தார். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் எழுதினார்.

நம் ஊர்களில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்பது பழகிப்போன ஏற்பாடு. தேர் எந்தத் தெருவில் போவது என்பதற்கும் அதுதான், நாவலில் எந்தப் பத்தி இருக்கலாம் என்பதற்கும் அதுதான். தெருப் பிரச்சினைக்கு அது பயன்படலாம். நாவலுக்கு? மேசைக்கு ஒரு பக்கம் திரண்டு வந்தவர்கள், இன்னொரு பக்கம் பேனாவோடு தனியாள், நடுவில் 'எப்படியாவது முடித்துவிடலாம்' என்று அவசரப்படும் அதிகாரி. அங்கே யாரும் நாவலைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் அப்போதைய தலைவர் ச. தமிழ்ச்செல்வன் உயர் நீதிமன்றம் சென்றார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பு சொன்னது. அந்தக் கையெழுத்து எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்குக் கைவந்ததைச் செய்யட்டும், எழுதட்டும் என்று அது முடிந்தது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது. கையெழுத்து வாங்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

'சட்டம் ஒழுங்கு கெட்டுவிடும்' என்று சொல்லி நிறுத்தலாமா?

எளிதில் முடியாது என்று 1989-லேயே சொல்லப்பட்டுவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆபத்து வெகு தொலைவில், ஊகமாக இருந்தால் போதாது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறி போல நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். மிரட்டலைக் காட்டி அரசு கையை விரிக்க முடியாது, கருத்துரிமையைக் காப்பது அதன் கடமை. சாதி பற்றிய வழக்குதான் என்றாலும் மத உணர்வு வழக்குகளிலும் இன்றுவரை இதையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதற்கு 2013. 'விஸ்வரூபம்' தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்க்க, தமிழ்நாடு முழுவதும் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவு போட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்து, சில காட்சிகளில் வெட்டுக்கு ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 அன்று இங்கே வெளியானது. தணிக்கை வாரியம் பார்த்து முடித்த படத்துக்கு அறைக்குள் இன்னொரு தணிக்கை.

அரங்கு கிடைப்பதும் இப்படித்தான். ஒரு நாடகத்துக்கு முந்தைய நாள் இரவு அரங்கின் மேலாளர் என்னை அழைத்தார். "சார், எனக்கு நாடகம் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் நாற்காலியெல்லாம் போன வருஷம்தான் வாங்கினோம்." முன்பணத்தை ஒரு பைசா குறையாமல் மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தடையாணை இல்லை, வழக்கு இல்லை, மேல்முறையீடு செய்ய ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாடகமும் இல்லை.

புத்தகத்துக்கு அரசு தடை போட முடியுமா?

முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-ஆவது பிரிவின்படி மாநில அரசு காரணங்களைச் சொல்லி அறிவிக்கை வெளியிட்டுப் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும்.

இறக்குமதித் தடை தனி. முஸ்லிம்களைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு எழுந்த சல்மான் ருஷ்டியின் 'த சட்டானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்ய 1988-இல் இந்தியா தடை விதித்தது. அதை எதிர்த்த வழக்கில், அந்த அறிவிக்கையை எந்த அதிகாரியாலும் நீதிமன்றத்தில் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாடே கடைப்பிடித்த தடையின் காகிதத்தைக் காணோம்!

'இக்கதை முற்றிலும் கற்பனையே' என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. போடுங்கள், நஷ்டமில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுச் சமாதானமாகித் திரும்பிப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நம் மரபிலேயே சித்தர்கள் எவ்வளவோ பேசியிருக்கிறார்களே?

பேசியிருக்கிறார்கள். நட்ட கல் பேசுமா என்று கேட்ட சிவவாக்கியர் இருக்கிறார். இகழ்வது போலப் புகழும் நிந்தாஸ்துதி இருக்கிறது. அதில் காளமேகத்தை மிஞ்ச ஆளில்லை. இதை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த வாதம் ஓரளவுக்குத்தான் தாங்கும். காளமேகம் கோயிலுக்குள் நின்றுகொண்டு பாடியவர். சிவனைக் கேலி செய்தால் சிவனே சிரிப்பான் என்ற உரிமை அவருக்கு இருந்தது. வீட்டுப் பிள்ளை அப்பனைக் கேலி செய்வதும் அடுத்த வீட்டுக்காரர் அதே வார்த்தையைச் சொல்வதும் காதில் ஒன்றாக விழுவதில்லை. சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கக் கூடாது. எழுதுகிறவர் பார்க்காமல் இருக்க முடியாது.

பக்தரின் பக்கம் நின்று நீதிமன்றம் பேசியதே இல்லையா?

பேசியிருக்கிறது. 1953 மே மாதம் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் வழக்குப் போட்டார். பூசையில் இல்லாத களிமண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று கீழே உள்ள நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளிவிட்டன. 1958-இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு வகுப்பார் எதைப் புனிதமாகக் கருதினாலும், பிறர் கண்ணுக்கு அது எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் அது சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். நீதிபதிக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்பது பொருட்டல்ல என்றது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி, மேல் விசாரணைக்கு உத்தரவிடவில்லை.

பகுத்தறிவு பேசும் நண்பர்களுக்கு இந்தத் தீர்ப்பு கசக்கும். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. எது புனிதம் என்று தீர்மானிக்கும் வேலையை நீதிபதி எடுத்துக்கொண்டால், இன்று களிமண் புனிதமில்லை என்பவர் நாளை எந்தக் குலதெய்வத்தின் நடுகல்லையும் அப்படிச் சொல்லலாம்.

பெரும்பான்மை மதத்துக்கும் சிறுபான்மை மதத்துக்கும் ஒரே அளவுகோலா?

சட்டத்தில் ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும். கலையில் அப்படி இல்லை. ஆட்சியும் ஆள்பலமும் உள்ளவர்களைக் கேலி செய்வதும், ஏற்கெனவே தெருவில் அடி வாங்குகிறவர்களைக் கேலி செய்வதும் ஒரே துணிச்சல் அல்ல. இதைச் சொன்னால் இரண்டு தரப்பும் என்மேல் பாய்கின்றன.

ஆட்களைப் பொறுத்து அளவுகோலை மாற்றுவதை மட்டும் என்னால் ஒப்ப முடியாது. இந்துத் தெய்வங்களை நிர்வாணமாக வரைந்தார் என்று, ஓவியர் எம். எஃப். ஹுசைனின் பழைய ஓவியங்களுக்காக ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். 2006-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு எதிரான வழக்குகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் மாதொருபாகன் தீர்ப்பு தந்த அதே கவுல். ஹுசைன் திரும்பவில்லை. கத்தார் குடிமகனாகி, 2011-இல் லண்டனில் இறந்தார். அவருக்காக வீதிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் ருஷ்டிக்காக வந்தார்கள், ருஷ்டிக்காகப் பேசியவர்களில் எத்தனை பேர் ஹுசைனுக்காகப் பேசினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விரல்களே மிச்சமிருக்கும்.

மற்ற நாடுகளில் இதற்குத் தீர்வு கண்டுவிட்டார்களா?

இல்லை. இங்கிலாந்தில் தெய்வ நிந்தனைக் குற்றம் 2008 வரை சட்டத்தில் இருந்தது, அதுவும் கிறிஸ்தவத்துக்கு மட்டும். டென்மார்க் 2017-இல் அத்தகைய சட்டத்தை நீக்கியது. குர்ஆன் எரிப்புகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் மதநூல்களை அவமதிப்பதைத் தடுக்கும் புதிய சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 1994-இல், ஆஸ்திரியாவில் கத்தோலிக்கரைப் புண்படுத்தும் என்று ஒரு படத்தைப் பறிமுதல் செய்தது சரியென்றது. எல்லோருமே தட்டுத் தடுமாறித்தான் நடக்கிறார்கள்.

கலைஞனுக்குப் பொறுப்பே கிடையாதா?

உண்டு, ஆனால் அது காவல் நிலையத்தில் நிறைவேற்றும் பொறுப்பு அல்ல. பிரதியைத் திருத்தும்போது நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வசவு பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறதா, உங்கள் வாயிலிருந்து வருகிறதா? மகனைப் பறிகொடுத்தவள் தெய்வத்தை ஏசுகிறாள் என்றால் அந்தப் பக்கத்தில் கைவைக்க எனக்கு மனம் வராது. பரபரப்புக்காகச் செருகிய வசவு வாசித்தாலே தெரிந்துவிடும். அந்த வரி மட்டும் மற்ற வரிகளைவிடச் சத்தமாக இருக்கும். அதை எடுக்கச் சொல்வேன். புண்படும் என்பதற்காக அல்ல, எழுத்தாக மோசம் என்பதற்காக.

எதிர்பாராமல் புகார் வந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

சமூக ஊடகத்தில் விளக்கம் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதும் விளக்கம்தான் பிறகு 'தீய எண்ணத்துக்கு' ஆதாரமாக நீட்டப்படும். எழுதிய காலத்துக் குறிப்புகள், கள ஆய்வு, வரைவுகள், பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் நோக்கம் என்ன என்பதற்குச் சாட்சி அவைதான்.

299 பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இதைக் கேட்டதும் பலருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஆனால் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை. முதலில் அழைப்பாணை அனுப்பலாம். வந்தால் தட்டாமல் போங்கள். முன்ஜாமீன் பற்றி அன்றே வழக்கறிஞரிடம் பேசுங்கள். அரசின் முன்அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தக் குற்றச்சாட்டை விசாரணைக்கு எடுக்க முடியாது. முதல் தகவல் அறிக்கைக்கும் புலனாய்வுக்கும் அந்த அனுமதி தேவையில்லை என்பதையும் மறக்காதீர்கள்.

2025 மார்ச்சில் வந்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள். சமூக ஊடகத்தில் பகிர்ந்த ஒரு கவிதைக்காகக் குஜராத்தில் பதிவான வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான குற்றங்களில் மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை என்றால், வழக்குப் பதியும் முன் முதல்நிலை விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றது. எதற்கெடுத்தாலும் ஆபத்து என்று காண்பவரின் கண்ணால் அல்ல, உறுதியான மனம் படைத்தவரின் கண்ணால் சொற்களை எடைபோட வேண்டும் என்றும் சொன்னது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: பேச்சுவார்த்தை என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். போனால் அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்லுங்கள். மேசையைச் சுற்றி எத்தனை முகங்கள் சுளித்தாலும் சரி.

நான் பக்தன். ஒரு புத்தகம் என்னை உண்மையாகவே புண்படுத்திவிட்டது. நான் என்ன செய்யலாம்?

படிக்காமல் இருக்கலாம். படித்துவிட்டு எதிர்த்து எழுதலாம், கூட்டம் போட்டுக் கண்டிக்கலாம், வாங்காதீர்கள் என்று பத்துப் பேரிடம் சொல்லலாம். எழுதியவரை நேரில் பார்த்துக் கேட்கலாம். இவை எல்லாமே உங்கள் கருத்துரிமைதான்.

செய்தித்தாளில் சுற்றிப் புத்தகம் கொண்டுவந்த பெரியவர் நான்கு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாவலாசிரியருக்கு அனுப்பினேன். அவர் பத்து நாள் பதில் எழுதவில்லை. பிறகு ஏழு பக்கம் எழுதினார். வசவுக்காக மன்னிப்பு கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் பெரியவர் ஒரு பிழையைச் சுட்டியிருந்தார்: இறந்தவருக்குச் செய்யும் சடங்கின் வரிசையை நாவல் மாற்றி எழுதியிருக்கிறது, விளக்கு ஏற்றுவது பிறகுதான். இரண்டாம் பதிப்பில் அதைத் திருத்தினோம். வசவு அப்படியே இருக்கிறது. அந்தப் பதிப்பின் முதல் பிரதியைப் பெரியவருக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக ஓர் அஞ்சலட்டை வந்தது, வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.